ஆராதனை வாழ்வாக: வன்னியில் வாலிபப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போர் கேட்கும் கேள்விகள்

இது யாருக்காக?

கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியாப் பக்கங்களில் ஞாயிறு பாடசாலை, மறைக்கல்வி வகுப்பு, வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்களுக்கு. உங்கள் பிள்ளைகள் 13 வயதுக்கும் 19 வயதுக்கும் இடைப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். சபைகள் வேறு வேறு. ஆனால் எந்தச் சபை ஆசிரியரோடு கதைத்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. வாலிபரோடு நெடுங்காலம் பழகிய ஒரு ரீச்சராக எனக்குச் சரியென்று பட்டதை எழுதுகிறேன். வேதத்தில் அதிகாரமும் வசனமும் குறித்திருக்கும் இடங்களைப் பிள்ளைகளோடு சேர்ந்து திறந்து வாசியுங்கள்.

ஆராதனை என்றால் பாட்டும் ஜெபமும்தானே. வாழ்க்கையை ஏன் அதற்குள் இழுக்க வேண்டும்?

பவுல் இழுத்திருக்கிறார். ரோமர் 12:1 இல், உங்கள் சரீரங்களை ஜீவபலியாக ஒப்புக்கொடுங்கள், அதுவே நீங்கள் செய்யத்தக்க ஆராதனை என்கிறார். சரீரம் என்றால் கை, கால், நாக்கு எல்லாம்தான். அதோடு நிறுத்திவிடாமல் அந்த அதிகாரத்தைக் கடைசிவரை பிள்ளைகளை வாசிக்கச் செய்யுங்கள். அந்நியரை உபசரிப்பது, அழுகிறவர்களோடு அழுவது, பசித்திருக்கும் பகைவனுக்குச் சாப்பாடு கொடுப்பது என்று அந்தப் பலி எப்படி இருக்கும் என்பதை அவரே விரித்துச் சொல்கிறார்.

ஆமோஸ் 5:21 முதல் 24 வரை இன்னும் கடுமையானது. உங்கள் பண்டிகைகள் எனக்கு வெறுப்பு, உங்கள் பாட்டுகளின் இரைச்சலை அகற்றுங்கள், நீதி வற்றாத ஆறுபோல ஓடட்டும் என்று கடவுள் சொல்கிறார். வன்னிப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. இரணைமடுவுக்குத் தண்ணீர் கொண்டுவரும் கனகராயன் ஆறு மாரியில் எப்படிப் பாய்கிறது, கோடையில் எப்படி மணலாய்க் கிடக்கிறது என்று பார்த்து வளர்ந்தவர்கள் அவர்கள். மாரிக்கு மட்டும் ஓடுகிற நீதியைக் கடவுள் கேட்கவில்லை என்பது ஒரு வார்த்தை சொன்னாலே பிடிபட்டுவிடும்.

அப்படியென்றால், "நல்லவனாய் இருந்தால் போதும், கோயிலுக்கு ஏன் வரவேணும்?" என்று கேட்கிறார்களே?

கேட்பார்கள். கேட்கவும் வேண்டும். "ரீச்சர், நான் ஒருத்தருக்கும் கெடுதல் செய்யேல்ல. கோயிலுக்கு வராட்டி கடவுள் கோவிப்பாரோ?" என்று ஒரு பெடியன் கேட்டால் அதட்டாதீர்கள். கெடுதல் செய்யாமல் இருப்பதும் அன்பு செய்வதும் ஒன்றா என்று திருப்பிக் கேளுங்கள். எபிரெயர் 13:15-16 இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறது: உதடுகளின் துதியும் பலி, நன்மை செய்வதும் பகிர்ந்து கொடுப்பதும் பலி. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிவிட அங்கே இடமில்லை.

ஞாயிறு ஆராதனையின் ஒவ்வொரு பகுதியும் வாரநாட்களில் ஏதோ ஒரு வேலையை நம் கையில் தருகிறது என்று காட்டுவதுதான் நான் கண்ட நல்ல வழி. பாவ அறிக்கையை எடுங்கள். பலிபீடத்தருகே நிற்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு (மத்தேயு 5:23-24). வட்ஸ்அப் குழுவில் ஒருத்தியைக் கேலி செய்து எழுதிய பிள்ளைக்கு இந்த வசனம் எங்கே போகச் சொல்கிறது என்று நாம் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. காணிக்கைப் பை வரும்போது, அந்தக் காசு எப்படி வந்தது என்ற கேள்வியும் கூடவே வருகிறது. பூசை முடிவில் குருவானவர், அல்லது ஆராதனை முடிவில் போதகர் ஐயா, ஆசீர்வதித்து அனுப்பிவைக்கிறார். அனுப்பப்பட்டவருக்குப் போய்ச் சேர ஓர் இடம் இருக்க வேண்டும்.

மன்றாட்டுப் பகுதியைத் தனியாகச் சொல்ல வேண்டும். கிழமைக்குக் கிழமை நோயாளிகளின் பெயர் வாசிக்கிறோம். பிள்ளைகளுக்கு அந்தப் பெயர்களின் முகம் தெரியாது. எங்கள் வாலிபர் சிலரை அப்படி வாசிக்கப்படும் ஒரு வயோதிப அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பூசப்படாத வீட்டுத்திட்ட வீடு, தனியாள். என்ன உதவி வேணும் என்று கேட்டதற்கு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டார். தேத்தண்ணிக்குத் தண்ணீர் அள்ளப் போனபோதுதான் கிணற்றுக் கப்பி துருப்பிடித்து இறுகிக் கிடப்பதைப் பெடியள் கண்டார்கள். தோள்மூட்டு வருத்தத்தோடு அந்த மனுசி அதில்தான் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒருவன் சைக்கிளில் போய்க் கடையில் கிறீஸ் வாங்கி வந்தான். மற்றவன் கப்பியைக் கழற்றித் தேய்த்துப் பூட்டினான். கயிற்றையும் மாற்றினார்கள். "இருங்கோ மக்கள், குடிச்சிட்டுப் போங்கோ" என்று அவர் பிடித்து இருத்தி, இவர்களுடைய படிப்பு, வீடு, அம்மா அப்பா எல்லாம் விசாரித்தார். அடுத்த ஞாயிறு அந்தப் பெயர் வாசிக்கப்பட்டபோது இந்தப் பெடியள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பிறகு மன்றாட்டு நேரத்தில் அவர்களை அமைதியாக இருக்கச் சொல்ல வேண்டி வரவில்லை.

எந்த வேதப்பகுதியில் தொடங்கலாம்?

லேவியராகமம் 19. எல்லாரும் தாண்டிப் போகிற புத்தகம் என்று தெரியும், ஆனாலும் நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அதிகாரம் எனக்குத் தெரியவில்லை. "பரிசுத்தராயிருங்கள்" என்று கட்டளையிட்டுவிட்டு, அந்தப் பரிசுத்தத்தை வயலில் கொண்டுபோய் வைக்கிறது. வயலோரத்தை ஒட்ட வெட்டாதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும். கூலியாளின் கூலியை விடியும்வரை உன்னிடம் வைத்திருக்காதே. நிறைகல்லும் அளவும் சரியாயிருக்கட்டும். செவிடனைத் திட்டாதே, குருடன் முன்னே தடுக்கல் வைக்காதே.

காலபோக (மாரிகால நெற்செய்கை) அறுவடை நேரத்தில் இந்தப் பாடத்தை எடுங்கள். பிள்ளைகளில் பாதிப்பேர் கமக்காரர் வீடு, மிச்சம் கூலிக்குப் போகிறவர்கள் வீடு. களை பிடுங்கப் போன அம்மாவுக்கு எப்போது காசு கிடைத்தது, ஆம்பிளைக்கும் பொம்பிளைக்கும் ஒரே கூலியா, நெல் வாங்க வந்தவர் மூட்டைக்கு எவ்வளவு கழித்தார் என்று கேட்டால் வகுப்பில் தூங்குகிறவர் இருக்கமாட்டார். மெசின் வெட்டினால் பொறுக்க என்ன மிஞ்சும், அப்போது இந்தக் கட்டளையை எப்படிக் கடைப்பிடிப்பது என்று ஒரு பிள்ளை கேட்டது. பதிலை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். வயலில் கதிர் பொறுக்கிய ரூத்தின் கதையைக் கொடுத்து அடுத்த கிழமை வரை யோசிக்க விடுங்கள்.

பிறகு ஏசாயா 58, யாக்கோபு 2, மத்தேயு 25:31-46, லூக்கா 19 இல் சகேயு. சகேயு பாட்டுப் பாடியதாக லூக்கா எழுதவில்லை. பாதிச் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன், ஏமாற்றியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொன்னான். இன்றைக்கு இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்று இயேசு சொன்னது அப்போதுதான்.

பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுப்பது? பார்சல் கொடுக்கிற நிகழ்ச்சி வைக்கலாமா?

வைக்காமல் விட்டால் நல்லது என்பேன். வன்னியில் போர்க்காலத்திலிருந்தே வரிசையில் நின்று வாங்கிப் பழகிய வீடுகள் நிறைய. வாங்குகிறவரின் முகத்தைப் பார்க்காமல் கொடுக்கும் பழக்கத்தைப் பிள்ளைக்கு ஏன் பழக்குகிறோம்? ஒருமுறை நடத்திவிட்டு மறந்துபோகும் பெரிய நிகழ்ச்சியைவிட, தொடர்ந்து செய்யும் சின்ன வேலை மேல்.

கால் இழந்த ஒருவருக்குக் கிளினிக் நாளில் ஓட்டோ பிடித்துக்கொடுத்துக் கூடப் போவது. பிரதேச செயலகத்திலிருந்து வரும் கடிதத்தை வாசித்துச் சொல்லி, படிவம் நிரப்பிக் கொடுப்பது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் எழுதும் சின்னப் பிள்ளைகளுக்குப் பின்னேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுப்பது. பொதுக் கிணற்றடியைத் துப்புரவாக்குவது. இடம்பெயர்வு வந்தால் வேலை தானாகவே தேடி வரும். 2018 டிசம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவில் வெள்ளம் வந்து ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாடசாலைகளிலும் பொது மண்டபங்களிலும் தங்கவேண்டி வந்தது. அப்படியான நேரத்தில் சமைக்கவும், சேறு வாரிக் கொட்டவும், நனைந்த பாடப்புத்தகங்களைக் காயவைக்கவும் பிள்ளைகளின் கைகள் வேண்டும்.

படம் எடுத்து முகநூலில் போடலாமா?

வேண்டாம். மத்தேயு 6:1-4 ஐ வாசியுங்கள். உதவி பெற்றவரின் மகள் அதே பாடசாலையில் படிப்பவளாகவும் இருக்கலாம்.

பாட்டுக் குழுவில் திறமையாக இருக்கிற பிள்ளை வீட்டில் தாயோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. குழுவிலிருந்து நிறுத்துவதா?

நிறுத்தாதீர்கள். கீபோர்ட்டைப் பறித்தால் அவனைச் சபையோடு கட்டியிருக்கும் கடைசிக் கயிறும் போய்விடலாம். தனியாகக் கூப்பிட்டு, என்ன பிரச்சினை என்று முதலில் கேளுங்கள். தகப்பன் குடிப்பது, மைக்ரோ கடனுக்கு ஆள் வந்து வாசலில் நிற்பது, அம்மா வெளிநாடு போகப்போகிறா என்று கேள்விப்பட்டது: பின்னால் எதுவும் இருக்கலாம். கேட்டு முடித்தபிறகு, 1 யோவான் 4:20 ஐ அவனோடு இருந்து வாசியுங்கள். கண்ட சகோதரனிடத்தில் அன்பு கூராதவன் காணாத தேவனிடத்தில் எப்படி அன்பு கூருவான் என்ற அந்த வசனத்தை மேடையிலிருந்து அவனைப் பார்த்துச் சொன்னால் அடியாகத்தான் விழும். பக்கத்தில் இருந்து வாசித்தால் கேள்வியாக இறங்கும்.

ஐஸ், கஞ்சா, கசிப்பு என்று போதைக்குப் போய்விட்ட பிள்ளைக்கும் இதே பதில்தான். அதோடு வைத்தியரும் ஆற்றுப்படுத்துநரும் வேண்டும். ஜெபத்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடாதீர்கள்.

ஓ.எல்., ஏ.எல். பிள்ளைகளுக்கு ரியூசனே நேரத்தைத் தின்கிறது. இதற்கெல்லாம் எப்படி வருவார்கள்?

படிப்பையும் ஆராதனைக்குள் கொண்டுவாருங்கள். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாகச் செய்யுங்கள் என்று கொலோசெயர் 3:23 அடிமைகளாக வேலை செய்தவர்களைப் பார்த்து எழுதப்பட்டது. அப்படியானால் கணக்குக் கொப்பிக்கு அங்கே இடமில்லாமல் போகாது. பார்த்து எழுதாமல் இருப்பது, நல்ல நோட்சை ஒளித்து வைக்காமல் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைக்குக் கொடுப்பது, ஆசிரியர் இல்லாத பாடத்துக்கு நாலுபேர் சேர்ந்து படிப்பது எல்லாம் மாணவன் செலுத்தும் பலி. பரீட்சை நெருங்கும் மாதங்களில் அவர்களிடம் வேறு வேலை கேட்காதீர்கள். ஞாயிறு காலை ரியூசன் வைக்கும் ஆசிரியரோடு பெற்றோர் போய்க் கதைக்கட்டும். அந்தச் சண்டையைப் பிள்ளையின் தலையில் வைக்கக்கூடாது.

பொம்பிளைப் பிள்ளைகள்தான் எல்லா வேலைக்கும் முன்னுக்கு நிற்கிறார்கள்.

ஏனென்றால் வீட்டில் அப்படித்தான் பழக்கியிருக்கிறோம். தண்ணீர் அள்ளி, தம்பியைக் குளிப்பாட்டி, கூட்டிப் பெருக்கிவிட்டு வந்த பிள்ளையிடம் "சேவை செய்" என்று இன்னொரு சுமையை ஏற்றிவிட்டு, அவளுடைய அண்ணனைக் கிரிக்கெட் விளையாட விடுவது நீதியில்லை. ஆராதனைக்குப் பிறகு தேத்தண்ணிக் கோப்பைகளைப் பெடியள் கழுவட்டும். இயேசு துணியை இடுப்பில் கட்டிக்கொண்டு சீடருடைய கால்களைக் கழுவிய யோவான் 13 ஐ அன்றைக்கே வாசியுங்கள். பெண்பிள்ளைகள் அந்த நேரத்தில் அடுத்த மாத நிகழ்ச்சியைத் திட்டமிடட்டும், கணக்கு எழுதட்டும், வேதவாசிப்பு வாசிக்கட்டும்.

எங்கள் அயலவர் எல்லாம் சைவர்கள். உதவி செய்யப் போனால் மதம் மாற்ற வருகிறார்கள் என்கிறார்களே?

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. கஷ்டத்தில் இருந்த வீடுகளுக்கு அரிசியோடு துண்டுப்பிரசுரமும் போன சம்பவங்களை ஊர் மறக்கவில்லை. ஆகவே பிள்ளைகளுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள்: உதவி தூண்டிலில் மாட்டும் இரை இல்லை. நல்ல சமாரியன் அடிபட்டுக் கிடந்தவனிடம் எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. உன் விசுவாசத்தைப் பற்றி அவர்களாகக் கேட்டால் வெட்கப்படாமல் சொல். கேட்காவிட்டால் வேலையைச் செய்துவிட்டு வா.

வைகாசியில் வட்டாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சனம் திரண்டு நடந்து போகும்போது, வழியில் தண்ணீர்ப் பந்தல் போடுவோரோடு நம் வாலிபரும் நின்று தண்ணீர் வார்க்கலாம். தாகத்தோடு வருபவருக்குத் தண்ணீர் கொடுப்பது மத்தேயு 25 இல் இருக்கிறது. ஆகஸ்ட் 15 ஆம் திகதி மன்னார் மாவட்டத்தின் மடு மாதா கோயில் திருவிழாவுக்குச் சைவச் சனமும் வருகிறது, யாரும் அவர்களை வாசலில் மறிப்பதில்லை.

மடுவின் வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 17 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தரின் துன்புறுத்தலுக்குத் தப்பிய கத்தோலிக்கக் குடும்பங்கள் மாந்தையிலிருந்து மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனார்கள். தப்பி ஓடியவர்களால் உண்டான அந்த இடம், 1990 களில் ஆயிரக்கணக்கான அகதிகளுக்கு அடைக்கலமாக இருந்தது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கியபோது அதே சொரூபத்தை மறுபடி தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போகவேண்டி வந்தது. 2015 ஜனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே வந்தபோது, போரில் உறவுகளை இழந்தவர்கள் அவர் முன்னே இருந்தார்கள். ஒரு கோயில் வளவு எத்தனை விதமாக ஆராதனை செய்யும் என்று காட்ட இதைவிட வேறு பாடம் தேடத் தேவையில்லை. நீங்கள் கத்தோலிக்கர் இல்லையென்றாலும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.

"போர் நேரம் கடவுள் எங்கே இருந்தவர்?" என்று கேட்கும் பிள்ளைக்கு?

இன்றைய வாலிபர் 2009 மே மாதத்துக்குப் பிறகு பிறந்தவர்கள், அல்லது அப்போது கைக்குழந்தைகள். முள்ளிவாய்க்காலை அவர்கள் காணவில்லை. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் அம்மம்மா திடீரென்று பேசாமல் போவதைக் காண்கிறார்கள். சுவரில் மாலை போடாமல் தொங்கும் மாமாவின் படத்தைக் காண்கிறார்கள். கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 அன்று தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளுடைய போராட்டத்தில் சொந்த அம்மம்மாவோ அப்பம்மாவோ இருந்த பிள்ளைகளும் நம் வகுப்பில் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லி முடிக்க வேண்டியதில்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கும் 13 ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். 88 ஆம் சங்கீதத்தையும் வாசியுங்கள். அது கூக்குரலில் தொடங்கி இருளில் முடிகிறது. அதற்கு ஆறுதலான ஒரு கடைசி வரியை யாரும் சேர்த்து எழுதவில்லை, அப்படியே ஆராதனைப் புத்தகத்தில் வைத்திருக்கிறார்கள். கடவுளிடம் முறைப்படுவதும் ஆராதனை என்று பிள்ளைக்குத் தெரிந்தால், கேள்வியைக் கோயிலுக்கு வெளியே கொண்டுபோகமாட்டான். விரும்பினால் தன் சொந்த முறைப்பாட்டை எழுதட்டும். வாசிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். எழுதிய தாளைத் திருப்பிக் கேட்கவும் வேண்டாம்.

பிறகு காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மாரிடம் பிள்ளைகள் போகட்டும், அவர்களும் பிள்ளையின் வீட்டாரும் சம்மதித்தால் மட்டும். பேசுவதற்காகப் போக வேண்டாம். கேட்டுக்கொண்டிருக்கப் போகட்டும். அழுகிறவர்களோடு அழுங்கள் என்று ரோமர் 12 சொன்னது இதைத்தான்.

சபையில் பெரியவர்களே இப்படி வாழவில்லையென்று பிள்ளைகள் சொல்கிறார்கள். என்ன பதில்?

பிள்ளைகள் சொல்வது சரியாக இருந்தால், சரி என்பதுதான் பதில். மூடி மறைத்தால் உங்களையும் நம்பமாட்டார்கள்.

ஒரு காரியத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து ஏராளமான குடும்பங்கள் வன்னிக்கு வந்து குடியேறின. காடு வெட்டினார்கள், கிணறு வெட்டினார்கள், போரில் எல்லாரோடும் சேர்ந்து செத்தார்கள். இன்றும் அவர்களில் பலருக்கு வயற்காணி இல்லை, மற்றவரின் வயலில் கூலிக்கு நிற்கிறார்கள். சபையில் சகோதரர் என்கிறோம். கலியாணப் பேச்சு வந்தால் ஊர் கேட்கிறோம், சாதி கேட்கிறோம். நிர்வாகக் குழுவுக்குப் பெயர் சொல்லும்போது அவர்கள் பெயர் வாயில் வருவதில்லை. 15 வயதுப் பிள்ளைக்கு இது தெரியாது என்று நினைக்கவேண்டாம். கடைசி வாங்கில் அவளோடு ஒட்டி இருக்கும் சிநேகிதியின் வீடு அது.

1 கொரிந்தியர் 11:20-22 ஐப் பெரியவர்களும் வாலிபரும் ஒன்றாக இருந்து வாசியுங்கள். வசதியுள்ளவர் முந்திச் சாப்பிட, இல்லாதவர் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடிவந்து சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனமே இல்லை என்று பவுல் எழுதிவிட்டார். பாட்டுச் சரி, ஜெபம் சரி, அப்பமும் இரசமும் சரியாக இருந்தும், பந்தி பிழைத்ததால் ஆராதனை ஆராதனையாக இல்லாமல் போனது. இந்தப் பகுதியை வாசித்த பிறகு வரும் மௌனத்தை அவசரப்பட்டுப் பாட்டால் நிரப்பாதீர்கள். யாராவது கதைக்கட்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்தில் வாலிபர் சார்பில் இருவர் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். சபையின் வரவு செலவுக் கணக்கை அவர்களும் பார்க்கட்டும்.

பிள்ளைகள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரியும்?

புள்ளி போடாதீர்கள், பரிசு கொடுக்காதீர்கள். நீங்கள் ஏற்பாடு செய்யாத ஒரு நல்ல காரியம் நடந்தது என்று மூன்றாம் ஆள் சொல்லிக் கேள்விப்படுவீர்கள்.

எங்கள் சபையில் ஐந்தாறு பிள்ளைகள்தான். வெளியே கூட்டிக்கொண்டு போகவும் பயமாக இருக்கிறது.

ஐந்து பேர் ஒரு கிணற்றுக்குப் போதும். இன்னும் ஆட்கள் வேண்டுமென்றால் பக்கத்துச் சபையோடு சேருங்கள். மெதடிஸ்த சபை, தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், கத்தோலிக்கப் பங்கு என்று பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. வருடத்தில் ஒருநாளாவது எல்லா வாலிபரும் சேர்ந்து சிரமதானம் செய்யலாம்.

பயம் நியாயமானது, ஒழுங்கு வேண்டும். பெற்றோரின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எந்தப் பிள்ளையையும் கூட்டிப்போகாதீர்கள். எப்போதும் இரண்டு பெரியவர்கள் கூடப் போகவேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். தனி வீட்டுக்குள் ஒரு பிள்ளையைத் தனியே விடவேண்டாம். லைசென்ஸ் இல்லாத பெடியனை மோட்டார் சைக்கிளில் ஏவ வேண்டாம். பற்றைக் காணிகளைத் துப்புரவாக்க முதல், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட இடமா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். இனந்தெரியாத இரும்புப் பொருள் கிடந்தால் தொடாமல் வந்து சொல்லப் பழக்குங்கள். போகிற இடத்திலோ சபையிலோ யாராவது தவறாக நடந்துகொண்டால் அதை ஒளிக்காமல் சொல்லலாம், சபையின் பெயர் கெடும் என்று யாரும் வாயை மூடமாட்டோம் என்பதைப் பிள்ளைகளுக்கு முதல்நாளே சொல்லுங்கள். 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்தை வகுப்பறைச் சுவரில், பிள்ளைகளின் கண்ணுக்குப் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.